பேசாப்படத்தில் ஒரு நாடகக் குரல்: டி. பி. ராஜலட்சுமியின் கலைவாழ்வும் சான்றுகளின் இழப்பும்

டி. பி. ராஜலட்சுமியை (1911–1964) 'முதல் தமிழ்ப் பேசும்படக் கதாநாயகி' என்னும் ஒற்றைத் தொடரால் அறிமுகப்படுத்துவது வழக்கம். இத்தொடர் பிழையன்று, ஆயின் போதாது. பேசும்படத்துக்கு முன்னரே பேசாப்படத்தில் நடித்தவர் அவர், பின்னர் இயக்குநருமானார். இவ்விரு நிலைகளும் பின்தள்ளப்பட்டமைக்கான காரணத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திருவையாற்றில் பிறந்து, குழந்தை மணத்துக்கு ஆட்பட்டு, அம்மணவாழ்வு நிலைக்காத நிலையில் நாடகக் குழுவில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்தெடுத்த இசைநாடக மரபில் நடிகரின் முதல் தகுதி குரலே. ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைவரை எட்ட வேண்டிய குரல் அது. அப்பயிற்சி பெற்றவர், 1929இல் ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் தயாரித்த 'கோவலன்' படத்தில் நடித்தபோது அக்குரலுக்கு அங்கு வேலையில்லை. கதையை எழுத்தட்டைகளும், கொட்டகையில் அவற்றை உரக்கப் படிப்பவரும் சொல்லினர். முகமும் உடலும் மட்டுமே அவருக்கு எஞ்சின.

31.10.1931 அன்று வெளியான 'காளிதாஸ்' அக்குரலை மீட்டளித்தது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையிறுத்தார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய, இராட்டையைப் போற்றும் பாடலும் கதைக்குத் தொடர்பின்றி இடம்பெற்றது. நாடக மேடையின் வழக்கம் அப்படியே திரையேறியதற்கு இது தக்க சான்று.

1936இல் தம் 'கமலவல்லி' புதினத்தையே 'மிஸ் கமலா' என இயக்கித் தயாரித்து நடித்தார். இந்திய அளவில் 1926இல் பாத்மா பேகம் இயக்கிய படத்துக்குப் பத்தாண்டுகளுக்குப் பின், தமிழில் ஒரு பெண் இயக்கிய முதற்படம் இது. எழுத்தாளர், இயக்குநர், நடிகர் ஆகிய மூவரும் ஒருவரேயாக அமைந்தமையை ஆய்வுலகம் இன்னும் உரியவாறு பொருட்படுத்தவில்லை என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

இதற்கு ஒரு காரணம் வேதியியல் சார்ந்தது. அக்காலப் படச்சுருள் நைட்ரோ செல்லுலோஸால் ஆனது. வெடிபஞ்சும் அதே இனப்பொருளே. தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தார்க்கு இதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை. எரிந்தவை போக, எஞ்சிய சுருள்கள் பல வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. 'காளிதாஸ்' இன்று இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கப்பெற்றது 1964இல். ராஜலட்சுமி மறைந்த ஆண்டும் அதுவே. எனவே அவர் கலையை ஆராய்வோர் பாட்டுப் புத்தகங்களிலும் ஒளிப்படங்களிலும் 'கமலவல்லி'யின் அச்சுப் பக்கங்களிலுமே தொடங்க வேண்டியுள்ளது.