மலையேறிய போர் ஜீப்

அட்டன், நுவரெலியாத் தோட்டப் பாதைகளில் ‘ஜீப்’ என்னும் சொல்லை அறியாத குழந்தை இல்லை. எனினும், அது போருக்கென்றே பிறந்த வண்டி என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்ட் என்னும் இரு அமெரிக்கக் கம்பனிகள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்தபோது அப்போரின் ஆரவாரம் நம் மலைநாட்டுக்கும் எட்டியது.

பழைய போர் வண்டிகளைச் சேர்த்து வைத்திருப்பவரின் கொட்டிலுக்குச் செல்லும் ஆர்வலர்கள் பூச்சின் பளபளப்பில் மயங்குவதில்லை. குனிந்து, முன்புறக் குறுக்குச் சட்டத்தையே முதலில் தடவுவர். உருண்டைக் குழாயாயின் வில்லிஸ். கவிழ்த்த பகர வடிவாயின் ஃபோர்ட். ஃபோர்ட் கம்பனியாரோ போல்ட்டின் தலையிலும் தம் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்துவிட்டனர். அத்தனை பெருமை அவர்களுக்கு! தலைவிளக்கைப் பின்புறமாகத் திருப்பினால் இயந்திரத்தின்மேல் வெளிச்சம் விழும். இருளில் பழுது பார்ப்பதற்கான ஏற்பாடு அது. புதுக்குகிறோம் என்று அத்தனை உறுப்புகளையும் மாற்றிவிட்டால் இச்சாட்சியங்கள் எங்கே போகும்?

தோட்டத் துரைமாரின் லாண்ட் ரோவரும் ஜீப்பின் வழித்தோன்றலே. அதன் முதல் மாதிரியை 1947இல் ஒரு ஜீப்பின் சட்டத்தின்மேல்தான் கட்டினர். அந்த மாதிரி வண்டியைப் பேணி வைப்பாரின்றி, இன்று அதன் படங்களே எஞ்சியுள்ளன.