கொக்கு ஒன்றல்ல, நான்கு

கோவை உக்கடம் பெரியகுளத்துக் கரையில் பல வருடமாகக் காலை நடை போகிறவரிடம், தண்ணீரோரம் வெள்ளையாக நிற்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள். "கொக்குங்க" என்பார். தப்பில்லை. ஆனால் அந்த வெள்ளைக் கூட்டத்தில் நான்கு இனங்கள் கலந்து நிற்கக்கூடும்.

அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்னக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு, தண்ணீரைவிட மாட்டுக்குப் பக்கத்திலேயே அதிகம் திரிவது உண்ணிக்கொக்கு. மீதி இரண்டும்தான் சிரமம். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் அலகு மஞ்சள், கால் கறுப்பு. தனியாக நிற்கும்போது உயரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வாய்ப்பிளவின் கோட்டைப் பார்க்க வேண்டும். அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். இதைக் கற்று முடித்தோம் என்று நினைக்கும்போது இனப்பெருக்கக் காலம் வரும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். சின்னக் கொக்கின் மஞ்சள் பாதமோ எந்தப் பருவத்திலும் சேற்றுக்குள் மறைந்திருக்கும். அது பறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பைனாகுலரோடு நிற்பவரைக் கண்டால் கரையில் யாராவது நின்று விசாரிப்பார்கள்.

"ஏனுங்க, அப்படி என்னத்தைங்க பாக்கறீங்க?"

"கொக்குங்க."

"கொக்கையா இத்தன நேரம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அறிவியல் கேட்க வேண்டியது இன்னொன்று. பல வருடம் தினமும் கொக்கைக் கடந்து போகிறவருக்கு ஏன் நான்கும் ஒன்றாகவே தெரிகின்றன? பார்க்கப் பார்க்கப் பழகிவிடும் என்பார்களே, அந்தப் பழக்கம் எங்கே போயிற்று?

இதற்கு நல்ல பதில் தந்தது, உளவியலாளர் ஜேம்ஸ் டனாகாவும் சகாக்களும் 2005ல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆந்தைகளையும், கொக்கு, நாரை போன்ற நீர்க்கரைப் பறவைகளையும். பறவை தெரியாதவர்களுக்கு இரண்டின் படங்களையும் ஒரே அளவில் காட்டினார்கள். ஒரு குடும்பத்தை இனம் இனமாகப் பெயர் சொல்லிப் பிரிக்கப் பழக்கினார்கள். மற்றொன்றில் 'இது ஆந்தை', 'இது நீர்ப்பறவை' என்ற மட்டில் சொன்னால் போதும். பிறகு சோதித்தபோது, இனம் பிரித்துப் பழகிய குடும்பத்தில்தான் கண் கூர்மையாகியிருந்தது. அதே குடும்பத்தில் முன்பின் பார்த்திராத இனங்களைக்கூட அவர்களால் நன்றாகப் பிரிக்க முடிந்தது. மற்றக் குடும்பத்தையும் அதே அளவு பார்த்திருந்தார்கள், ஆனால் அந்தக் கூர்மை வரவில்லை. பார்த்த நேரம் சமம், கண்ணிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு.

அதற்கு முன்பே, 1991ல், டனாகாவும் மார்ஜரி டெய்லரும் கைதேர்ந்த பறவை ஆர்வலர்களைச் சோதித்திருந்தார்கள். நாமெல்லாம் முதலில் 'பறவை' என்று உணர்ந்து, அப்புறம்தான் அது என்ன பறவை என்று யோசிப்போம். தேர்ந்தவர்களுக்கு இனத்தின் பெயர் 'பறவை' என்ற பெயருக்கு இணையான வேகத்தில் வந்தது. அதே ஆட்களிடம் நாய்ப் படங்களைக் கொடுத்தால் நம்மைப் போல ஆகிவிட்டார்கள். 2000ல் இசபெல் கோத்தியேயின் குழு இவர்களைப் போன்றவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. பறவைகளைப் பார்க்கும்போது, மனித முகங்களை அடையாளம் காணும் பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. அந்தப் பகுதி முகத்துக்கு மட்டுமே உரியதா, தேர்ச்சி பெற்ற எதற்கும் உரியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நேரம் மட்டும் போதாது என்பது இசையிலும் தெரிகிறது. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் கரைகாணலாம் என்ற பேச்சுக்கு மூலம், ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993ல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்வு. மேடைகளில் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். மாணவர்கள் ஆசிரியர் சுட்டிய பிழையை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து திருத்திய நேரம் அது. 18 வயதுக்குள் சிறந்த மாணவர்கள் அப்படிச் சுமார் 7,400 மணி நேரம் சேர்த்திருந்தார்கள், ஆசிரியப் பணிக்குப் படித்தவர்கள் சுமார் 3,400. பயிற்சியே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2014ல் புரூக் மெக்னமாரா குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசையில் ஆளுக்கு ஆள் உள்ள திறன் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தைத்தான் பயிற்சியால் விளக்க முடிந்தது.

கோவையில் விடாமுயற்சி என்று பேச்செடுத்தால் அது ஜி.டி. நாயுடுவில் போய்த்தான் நிற்கும். கலங்கலில் பிறந்தவர், ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். அதில் அவருக்கு ஒரு வசதி இருந்தது. தப்பாகப் பூட்டினால் எஞ்சின் கிளம்பாது, பிழை உடனே தெரிந்துவிடும். கொக்கு அப்படிச் சொல்லாது. நடுத்தரக் கொக்கைப் பெரிய கொக்கு என்று நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கலாம். ஆகவே பறவை பார்ப்பவருக்குத் திருத்த ஆள் வேண்டும்.

பறவையியலாளர் சாலிம் அலிக்கு அப்படி ஓர் ஆள் சிறு வயதிலேயே வாய்த்தார். தான் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்ட சிறுவன், அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனான். செயலாளர் மில்லார்டு இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்த பறவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டினார். ஆர்வம் அங்கே பிடித்தது, பிழைப்பு அமையவில்லை. பர்மாவில் குடும்பத் தொழில் பார்த்துத் திரும்பி, முப்பதைத் தாண்டி பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசமானிடம் முறையாகக் கற்றார். டில்லான் ரிப்ளேயுடன் எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968ல் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. 1990ல் தொடங்கிய, அவர் பெயரிலான பறவையியல் மையம் நம் ஆனைகட்டியில் இருக்கிறது.

பயிலத் தகுந்த கலை எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றுதான்: கற்கக் கற்க அதில் புதிய பிரிவுகள் தெரிய வேண்டும். குளத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கொக்கில் தேறியவரைக் குளிர்காலத்தில் உள்ளான்கள் மிரட்டும். எல்லாம் பழுப்பு, எல்லாம் சேற்றில் ஓடும்.

தொடங்குவதற்கு நல்ல நாள் ஜனவரியில் வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. கால் மணி நேரம் நின்று, பார்த்ததை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். பதிவு வழக்கத்துக்கு மாறாக இருந்தால், "படம் இருக்கிறதா? எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் கேட்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம். பெர்லின் மாணவர்களுக்கு ஆசிரியர் செய்ததும் அந்த வேலையைத்தான்.