சுவாசப்பைப் புற்றுநோயும் குடல்வாழ் நுண்ணுயிரும்

நேயர்களே, சுவாசப்பையில் தோன்றும் புற்றுநோய்க்கும் குடலுக்கும் யாது தொடர்பென்று தாங்கள் வினவலாம். கலைத்துறையிற் கற்றவனாகிய யானும் முதலில் அவ்வாறே வினவினேன்.

நமது குருதியிலுள்ள வெண்குழியங்களுள் ஒருவகை, கேடுற்ற கலங்களைக் கண்டறிந்து அழிப்பன. அவை வரம்பு மீறி நம் உடலையே தாக்காதிருக்கும் பொருட்டு, இயற்கை அவற்றுக்குக் கடிவாளமும் இட்டிருக்கிறது. புற்றுநோய்க் கலங்களோ அக்கடிவாளத்தைத் தாமே பற்றி இழுத்து, வெண்குழியங்களை அடக்கிவிடுகின்றன. அப்பிடியைத் தளர்த்தும் மருந்துகளுக்கு வழிவகுத்தமைக்காக ஜப்பானியரான தசுக்கு ஹொன்ஜோவும் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் 2018 இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும் இம்மருந்து ஒருவருக்குப் பலிக்கிறது. அதே நோயுடைய மற்றொருவருக்குப் பலிப்பதில்லை.

இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பாரிசுக்கு அணித்தான குஸ்தாவ் ரூசி புற்றுநோய் நிலையத்தில் லோரன்ஸ் சிட்வோகெல் அம்மையாரின் குழுவினர் குடலிலே தேடினர். சுவாசப்பை, சிறுநீரகம், சிறுநீர்வழி ஆகியவற்றிற் புற்றுநோயுற்று இம்மருந்து பெற்ற 249 பேரை ஆராய்ந்தனர். அவருள் 69 பேர், சிகிச்சை தொடங்குவதற்குச் சற்று முன்னரோ பின்னரோ, பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகளை உட்கொண்டிருந்தனர். அவற்றை உட்கொள்ளாதோரின் வாழ்நாள், நடுமதிப்பில், 20 மாதங்களுக்கு மேல் நீண்டது. உட்கொண்டோருக்கு அது 12 மாதங்களையும் எட்டவில்லை.

முன்னரே மெலிந்திருந்தவர்களே அம்மருந்துகளை நாடியிருக்கக்கூடும் அல்லவா? ஆகவே நோயாளரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை எலிகளின் குடலிற் சேர்த்தும் பார்த்தனர். குணங்கண்டோரின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளில் மருந்து வேலை செய்தது. காணாதோரின் நுண்ணுயிர்களைப் பெற்றவற்றில் அது வலுவிழந்தது. அவ்வெலிகளுக்கு அக்கர்மான்சியா என்னும் பற்றீரியாவை ஊட்டியபோது மருந்து மீண்டும் வலுப்பெற்றது. குடற்சுவரின் சீதப்படலத்தை உணவாகக் கொள்ளும் இதனை ஒல்லாந்து நாட்டார் 2004 இல் விவரித்தனர்.

இந்நோயாளர் ஒருவர், முன்னொருகால் வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் குளிகைகளைத் தொண்டைக் கரகரப்புக்காகத் தாமே விழுங்குவாராயின், பெருஞ்செலவிற் பெறும் சிகிச்சையின் பயனை அதுவே குறைத்துவிடலாம். இதைக் கேட்டு அஞ்சி, நியூமோனியாக் காய்ச்சலுக்கு வைத்தியர் தரும் மருந்தை மறுப்பதோ உயிருக்கே ஆபத்தாகும். சிகிச்சை நடத்தும் வைத்தியருக்கு எந்தக் குளிகையையும் மறையாது சொல்லல் வேண்டும்.

அக்கர்மான்சியாவைப் போத்தலில் அடைத்து உண்டால் ஆகாதோ எனின், 2022 இல் வெளிவந்த ஆய்வொன்று சுவாசப்பைப் புற்றுநோயாளர் 338 பேரை நோக்கியது. அப்பற்றீரியா அளவோடு இருந்தவர்கள் நலங்கண்டனர். அளவு கடந்து பெருகியிருந்தவர்களோ, அது அறவே இல்லாதவர்களைப் போலவே பின்தங்கினர்.