பழைய கணினிக்கு ரேம் கூட்டினால் போதுமா?

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்றால், தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களில் அது ஒரு வீட்டின் பல மாதச் சேமிப்பு. அதனால்தான் பாவித்த கணினியைத் தேடி வாங்குகிறோம். வாங்கிக் கொஞ்ச நாளில் அது இழுக்கத் தொடங்குகிறது. இணையத்தில் நாலு பக்கம் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால் ஒரே பதில்: "ரேம் கூட்டுங்க." இந்தப் பதில் பல தடவை சரி, சில தடவை காசுக்குக் கேடு. எது என்று நாமே கண்டுபிடிக்கலாம். அதற்கு முதலில் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தை அளக்கும் ஜிபிக் கணக்கு பிடிபட வேண்டும்.

கணினிக்குத் தெரிந்தது 0, 1 இரண்டும்தான். அப்படி ஒன்று ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, ஒன்பது பைட். தமிழில் எழுதினால், யூனிகோட் முறையில் கொம்பு, விசிறி, குற்று எல்லாம் தனித்தனியே எண்ணப்பட்டு 'தெஹியோவிட்ட' 11 குறிகளாகிறது. இணையத்தில் பெருவழக்காக உள்ள யூ.டி.எஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஆக 33 பைட்.

1970இல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற நினைவகச் சில்லில் இருந்தது 1,024 பிட், அதாவது 128 பைட். 'தெஹியோவிட்ட' என்று மூன்று முறை எழுதலாம். நாலாவது முறைக்கு இடம் போதாது. ஆனாலும் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்த பழைய நினைவகத்தை அந்தச் சில்லுதான் ஓரங்கட்டியது. இன்று விரல் நீளத்துக்குக் கிடைக்கும் 8 ஜிபி (ஜிகாபைட்) ரேம் துண்டு அதைப்போல் 6.7 கோடி மடங்கு கொள்கிறது.

இந்தப் பெருக்கத்துக்கு அடிப்படை, ஐ.பி.எம். பொறியியலாளர் ரொபர்ட் டெனார்ட் 1966இல் கண்டு, 1968இல் காப்புரிமை பெற்ற யோசனை. ஒரு பிட்டுக்கு ஒரேயொரு டிரான்சிஸ்டரும் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கியும். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அந்த மின்தேக்கி, அடியில் மயிரிழை ஓட்டை விழுந்த இறப்பர்ப் பால் சிரட்டையைப் போன்றது. ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். எனவே வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வொரு பிட்டையும் வாசித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆளில்லை, எல்லாம் அழிந்துவிடும். சேமிக்காத கட்டுரை காணாமல் போவது இதனால்தான்.

சேமித்த கட்டுரை இருப்பது ரேமில் அல்ல, ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ. இரண்டையும் 'மெமரி' என்றே விற்பதால் பலர் ஏமாறுகிறார்கள். '256 ஜிபி மெமரி' என்று சொன்னால் அது சேமிப்பிடம். ரேம் எவ்வளவு என்று தனியே கேளுங்கள். அந்த 256ஐ விண்டோஸ் 238 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. யாரும் திருடவில்லை.

ரேம் நிரம்பினால் கணினி மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கும். ரேமிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோசெக்கன். சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய 10 மில்லிசெக்கன். இலட்சம் மடங்கு வித்தியாசம்! கணினி இழுப்பது அங்கேதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜரில் பெர்ஃபோமன்ஸ், அதற்குள் மெமரி. 85, 90 சதவீதத்தில் நின்றால் ரேம் கூட்டுங்கள், பலன் உண்டு. 50 சதவீதம்தான், ஆனால் டிஸ்க் 100ஐத் தொடுகிறது என்றால் அந்தக் காசுக்கு எஸ்.எஸ்.டி. போடுவதே புத்தி.

அதே பக்கத்தில் வேகமும், எத்தனை ஸ்லொட்டில் எத்தனை நிரம்பியுள்ளது என்பதும் இருக்கும். 1600 என்றால் பெரும்பாலும் டிடிஆர்3 வகை ரேம். 2400, 2666, 3200 என்றால் டிடிஆர்4. 4800உம் அதற்கு மேலும் என்றால் டிடிஆர்5. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. பல மெல்லிய மடிக்கணினிகளில் ரேமைப் பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் கூட்ட வழியே இல்லாமல் போகலாம். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

இன்னொன்று, நம் பக்கத்து ஈரத்தில் ரேமின் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்தும் கணினி திறக்காமல் போகும். கணினியை நிறுத்தி, வயரையும் பற்றரியையும் கழற்றி, உலோகம் எதையாவது தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிவிட்டு, அந்த மஞ்சள் முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். புதிது வாங்கும் தேவையே இல்லாமல் போகலாம்.

2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. ஆகவே அவிசாவளைக்கோ பம்பலப்பிட்டிக்கோ பஸ் ஏறும் முன் அந்த மெமரிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியையும் கொண்டுபோங்கள். கடையிலேயே பொருத்தச் சொல்லி, புதிய அளவு திரையில் தெரிந்த பிறகு காசைக் கொடுங்கள்.