பழைய மிதிவண்டியில் புதிய கியர் உறுப்புகள்: பழுதறியும் முறை

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய ஊர்களின் சாலைகள் பெரும்பாலும் சமதளமானவை. கியர் இல்லாத சாதாரண மிதிவண்டியே அங்கு பல காரியங்களுக்குப் போதுமானது. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில் நிலைமை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. குமுளி, கம்பம்மெட்டு, மறையூர் வழிகளும் மலைச்சாலைகளே. இப்பகுதிகளில் கியர் மிதிவண்டியைப் பயன்படுத்துவோர், பழைய வண்டியின் தேய்ந்த உறுப்புகளை அகற்றிவிட்டுக் கடையில் கிடைக்கும் புதிய உறுப்புகளைப் பொருத்திக்கொள்வது இயல்பு. அதன் பின்னர் கியர் சரியாக மாறவில்லை என்ற குறை எழுகிறது. இக்குறை சிறிய தொல்லை மட்டுமன்று. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது சங்கிலி நழுவினால் ஓட்டுபவர் நிலைதடுமாறி விழ நேரும். சங்கிலி பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கினால் சக்கரமே நின்றுவிடக்கூடும். ஆதலின் களப்பணியாளரும் ஆசிரியரும் இதன் காரணங்களை அறிந்திருப்பது நலம்.

கியர் செய்யும் வேலை

முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின் பிரீவீலில் 18 பற்களும் உள்ளன என்றும், சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றும் கொள்வோம். பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி 5.4 மீட்டர் முன்னேறும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ எடையாயின், 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில், உராய்வை விடுத்துக் கணக்கிட்டாலும், பெடலின்மீது சராசரியாக 21 கிலோ எடைக்கு ஒப்பான விசையை இடைவிடாது செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் 28 பற்கள் கொண்ட சக்கரங்களுக்குச் சங்கிலியை மாற்றினால், ஒரு சுற்றில் வண்டி 2.2 மீட்டர் மட்டுமே செல்லும். தேவைப்படும் விசையும் 9 கிலோவுக்குக் குறைந்துவிடும். மொத்த வேலை குறைவதில்லை. அது அதிகச் சுற்றுகளில் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் சாதனம் டீரெய்லர் எனப்படும். கைப்பிடியிலுள்ள நெம்புகோலை இயக்கினால் கேபிள் இழுபட்டு, டீரெய்லர் பெரிய பற்சக்கரத்தை நோக்கி நகரும். கேபிளைத் தளர்த்தினால் அதனுள் உள்ள சுருள்வில் அதைச் சிறிய பற்சக்கரத்தின் பக்கம் திருப்பிக் கொண்டுவரும். பெரும்பாலான டீரெய்லர்களின் அமைப்பு இதுவே. ஒரு திசையில் கையின் விசையும், மறு திசையில் வில்லின் விசையும் வேலை செய்கின்றன என்பதை நினைவில் கொண்டால் பல பழுதுகளின் காரணம் தானே விளங்கும்.

பழையதும் புதியதும்

டூர் த பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் டீரெய்லர் 1937ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் நெடுங்காலம் நெம்புகோல் உராய்வினால் மட்டுமே நின்றது. எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை ஓட்டுபவரே காதாலும் கையாலும் உணர்ந்து தீர்மானித்தார். ஷிமானோ நிறுவனம் 1984ஆம் ஆண்டில் டூரா-ஏஸ் உறுப்புகளுடன் படிமுறை நெம்புகோலை வெளியிட்டு அதைப் பரவச் செய்தது. இதில் ஒவ்வொரு ‘கிளிக்’ ஒலிக்கும் கேபிள் ஒரே குறிப்பிட்ட அளவு இழுபடுகிறது. வசதி பெருகியது, ஆயினும் நெம்புகோல், டீரெய்லர், பற்சக்கரங்களின் இடைவெளி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றி இம்முறை இயங்காது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஷிமானோ முறையில் 8 பற்சக்கரத் தொகுதியில் அடுத்தடுத்த சக்கரங்களின் மையங்களுக்கிடையே 4.8 மில்லிமீட்டர் தூரம் உண்டு. 9 பற்சக்கரத் தொகுதியில் அது ஏறத்தாழ 4.35 மில்லிமீட்டர். 8 சக்கரத் தொகுதிக்கு 9 சக்கரத்திற்குரிய நெம்புகோலைப் பொருத்தினால் ஒரு படிக்கு ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர் பிழை ஏற்படும். ஏழு படிகளில் இப்பிழை 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஒரு முனையில் நன்றாக இயங்கும் கியர் மறு முனையில் தடுமாறுவது இதனால்தான். கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் இக்குறை தீராது. பிழை இடம் மாறுமேயன்றி மறையாது. பொருத்தமான நெம்புகோலை வாங்குவது ஒரு வழி. பழைய உராய்வு நெம்புகோலையே திரும்பப் பொருத்துவது மற்றொரு வழி. அது எந்த இடைவெளிக்கும் இணங்கும். மலைப்பகுதியில் பழுதுபார்ப்பதும் எளிது.

சோதிக்க வேண்டிய வரிசை

பழுது கண்டவுடன் திருகாணிகளைத் திருப்பத் தொடங்குவது முறையன்று. பின்சக்கரம் தரையில் படாமல் வண்டியை நிறுத்தி, கீழ்க்காணும் வரிசையில் சோதிக்க வேண்டும்.

1. சக்கரமும் தாங்கியும். பின்சக்கரம் சட்டத்தின் நடுவில் நேராக அமர்ந்திருக்க வேண்டும். பழைய 6 அல்லது 7 கியர் வண்டிகள் பலவற்றில் சட்டத்தின் பின் இடைவெளி 126 மில்லிமீட்டர். பிற்காலச் சக்கரங்களுக்கு 130 அல்லது 135 மில்லிமீட்டர் தேவை. எஃகுச் சட்டத்தை அனுபவமுள்ள தொழிலாளி கவனமாக விரிக்கலாம். அலுமினியச் சட்டத்தை விரிக்கக் கூடாது, அது வெடித்துவிடும். டீரெய்லரைத் தாங்கும் தகட்டையும் பின்புறமிருந்து நோக்க வேண்டும். டீரெய்லரின் இரு சிறு உருளைகளும் பற்சக்கரத்திற்கு இணையாக ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். வண்டி ஒரு முறை வலப்புறம் சாய்ந்து விழுந்தாலே தகடு வளைந்துவிடக்கூடும். அச்சு மறையுடன் சேர்த்து முடுக்கப்படும் தனித்தகடாயின், அது தளர்ந்து திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2. சங்கிலியின் தேய்மானம். சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று கூறுவது வழக்கம். உண்மையில் தகடுகள் நீளுவதில்லை. ஆணிகளும் அவற்றைச் சூழ்ந்த பரப்புகளும் தேய்வதால் கணுக்களின் இடைவெளி பெருகுகிறது. புதிய சங்கிலியில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம். எஃகு அளவுகோலால் அளக்கும்போது 1/16 அங்குலம் மிகுந்திருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் மிகுந்திருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். தேய்ந்த பற்களின்மீது புதிய சங்கிலியை மட்டும் பொருத்தினால், அழுத்தி மிதிக்கும் நேரத்தில் அது பற்களைத் தாண்டி நழுவும். புதிய உறுப்பு பொருத்திய பின்னரே பழுது தொடங்கியது என்ற முறையீட்டிற்கு இதுவே அடிக்கடி காரணமாகும்.

3. எல்லைத் திருகாணிகள். டீரெய்லரில் எச், எல் என்று குறிக்கப்பட்ட இரு சிறு திருகாணிகள் உண்டு. எச் சிறிய பற்சக்கரத்தின் பக்கத்து எல்லையையும், எல் பெரிய பற்சக்கரத்தின் பக்கத்து எல்லையையும் வரையறுக்கின்றன. கேபிளைக் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் சுழற்றியபடி டீரெய்லரை மெதுவாக உள்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். சங்கிலி மிகப் பெரிய சக்கரத்தில் ஏற வேண்டும். அதைத் தாண்டி ஆரக்கம்பிகளின் பக்கம் செல்லக் கூடாது. இச்சோதனையை முடிக்காமல் வண்டியை மலைச்சாலையில் ஓட்டுவது அபாயகரமானது. சுழலும் சங்கிலிக்கருகே விரல்களைக் கொண்டுசெல்லாதிருக்க மாணவரை எச்சரிப்பதும் அவசியம்.

4. கேபிளும் உறையும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூணாறு, பீருமேடு பகுதிகளில் பெய்யும் மழை, உறைக்குள் புகுந்து கேபிளைத் துருப்பிடிக்கச் செய்யும். மழை குறைந்த கிழக்குச் சித்தூர், மறையூர் பகுதிகளில் புழுதி அதே வேலையைச் செய்யும். பெரிய சக்கரத்திற்கு எளிதில் ஏறும் சங்கிலி சிறிய சக்கரத்திற்குத் தாமதமாக இறங்கினால், கேபிளின் உராய்வையே முதலில் ஐயுற வேண்டும். வில்லின் விசையால் அவ்வுராய்வை வெல்ல இயலவில்லை என்பது பொருள். மேலும், பிரேக் கேபிளின் உறையைக் கியருக்குப் பயன்படுத்தலாகாது. பிரேக் உறையிலுள்ள கம்பி சுருளாகச் சுற்றப்பட்டது. இழுக்கும்போது சற்றே சுருங்கும். கியர் உறையில் கம்பிகள் நீளவாட்டில் அமைந்திருப்பதால் அதன் நீளம் மாறுவதில்லை. அதே காரணத்தால் கியர் உறையைப் பிரேக்கிற்குப் பயன்படுத்துவதும் கூடாது. பிரேக்கின் பெரும் விசையில் அது பிளந்துவிடக்கூடும்.

5. கேபிளின் இறுக்கம். மேற்கூறிய நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே இதற்கு வர வேண்டும். சங்கிலியை மிகச் சிறிய சக்கரத்தில் வைத்துக் கேபிளைத் தொய்வின்றிப் பொருத்தி, ஒரு படி மாற்ற வேண்டும். சங்கிலி அடுத்த பெரிய சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால், கேபிள் உறையின் முனையிலுள்ள சரிசெய்யும் திருகை இடப்புறமாகச் சிறிது திருப்ப வேண்டும். ஒரே படியில் இரு சக்கரங்களைத் தாண்டினாலோ இறங்கத் தயங்கினாலோ வலப்புறமாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், உடனே சோதித்துப் பார்ப்பது நன்று.

ஐந்தும் சரியாயிருந்தும் ஒரு முனையில் மட்டும் பழுது நீடித்தால், முன்னர் விளக்கிய இடைவெளிப் பொருத்தமின்மையே காரணம் என முடிவு செய்யலாம்.

வகுப்பறையில்

நெம்புகோல், உராய்வு, விசை, பிழைகள் கூடிக்கொண்டே போதல் ஆகியவற்றை ஆசிரியர் ஒரே மிதிவண்டியைக் கொண்டு மேல் வகுப்பு மாணவருக்கு விளக்கலாம். சங்கிலியை அளந்து குறிப்பது, பற்களை எண்ணி விகிதம் காண்பது, ஒரு சுற்றில் வண்டி செல்லும் தூரத்தைத் தரையில் குறித்துக் கணக்குடன் ஒப்பிடுவது ஆகியவை செலவில்லாத பயிற்சிகள். களப்பணியாளர் மாதம் ஒரு முறையும், பருவமழை முடிந்தவுடன் ஒரு முறையும் சங்கிலியை அளந்து, கேபிளைத் துடைத்து எண்ணெயிட்டு வந்தால் பெரும்பாலான பழுதுகளைத் தவிர்க்கலாம். உறுப்பு வாங்கச் செல்வோர் பழைய உறுப்பையும், பின் பற்சக்கரங்களின் எண்ணிக்கையையும், சட்டத்தின் பின் இடைவெளி அளவையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். இந்த விவரங்கள் கையில் இருந்தால் பொருந்தாத உறுப்பை வாங்கிப் பணமிழக்க நேராது. மலைச்சாலையில் வண்டி நடுவழியில் நின்றுபோவதும் குறையும்.