பள்ளியில் கணினி – 6: நேரும் நிரையும்

கணினியின் உறுப்புக்கள் இன்னின்ன என்று சென்ற வாரம் கண்டோம். அவ்வுறுப்புக்களின் ஊடே இடைவிடாமல் ஓடிக்கொண்டிருப்பது எது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு விடை, தமிழகத்துப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடப் புத்தகத்தில் எண் முறைகள் என்னும் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை விரும்பி எடுத்துக்கொண்ட மாணாக்கர்கள், அவ்வாண்டிலேயே சி++ மொழியையும் அடுத்த ஆண்டில் பைத்தானையும் தொடுவதற்கு முன்னால், எல்லோரும் நுழைந்தாக வேண்டிய வாசல் அது. கணிதத்தில் தேர்ந்தவர்கள்கூட அந்த வாசலில் பொருள் அறியாமல் நுழைந்து, பொருள் அறியாமலே வெளிவந்து, பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் மனத்தை நெடுநாளாக வருத்திவரும் விஷயம்.

கணித ஆசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், சனிக்கிழமைதோறும் எங்கள் ஊருக்கு அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வருவது என் வழக்கம். ஒரு நாள் கரும்பலகையில் 65 என்று எழுதி, இதை இருநிலை எண்ணாக மாற்று என்றேன். முதல் வரிசையில் இருந்த மாணவன் எழுந்து வந்து, இரண்டால் வகுத்து வகுத்து, மீதிகளை ஓரத்தில் குறித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக அவற்றைத் திரட்டி 1000001 என்று பிழையில்லாமல் எழுதிவிட்டான்.

“கீழிருந்து மேலாக ஏனப்பா எழுதினாய்?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் எழுதணும், ஐயா.”

அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் அறிவு இல்லை, பழக்கம் மாத்திரமே இருக்கிறது. ஓர் எண்ணை இரண்டால் வகுக்கும்போது முதலில் கிடைக்கும் மீதி, அந்த எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைச் சொல்லுகிறது. ஆகவே அது ஒன்றாம் இடத்துக்கு, அதாவது வலக்கோடிக்கு, உரியது. இரண்டாவது மீதி இரண்டாம் இடத்துக்கும், மூன்றாவது நான்காம் இடத்துக்கும் உரியன. இவ்வளவையும் ஒரு பிடி புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு இரண்டிரண்டாகச் சோடி சேர்த்துக் காட்டினால் எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் விளங்கிவிடும். விளங்கிய பிறகு, கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா என்ற சந்தேகமே எழாது.

நியூஸிலாந்து தேசத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக் காண்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல் என்பவர், இயான் விட்டன், மைக் ஃபெலோஸ் என்னும் வேறு இருவரோடு சேர்ந்து, கணினியே இல்லாமல் கணினி விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் ஒரு முறையை 1990-களில் வகுத்தார். அதில் வரும் ஐந்து அட்டைகளின் விளையாட்டை நான் அப்படியே கைக்கொண்டிருக்கிறேன். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று புள்ளியிட்ட அட்டைகளை ஐந்து பிள்ளைகள் ஏந்தி நிற்க வேண்டும், சொன்ன எண்ணிக்கை வரும்வரை அட்டைகளைத் திருப்பியும் மறைத்தும் காட்ட வேண்டும், அவ்வளவே. 31 வரை எந்த எண்ணைச் சொன்னாலும் அதைக் காட்ட ஒரு வழி உண்டு, ஒரே வழிதான் உண்டு என்பதைப் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் தாமே கண்டுபிடித்து ஆரவாரம் செய்யும்போது, பூட்டிக் கிடக்கும் கணினி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது.

ஏன் இரண்டே நிலைகள், பத்து வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. மின்சாரம் என்பது ஓயாமல் சற்றே ஏறுவதும் சற்றே இறங்குவதுமான சுபாவம் உடையது. ஒரே கம்பியில் பத்து அளவுகளை வைத்துக்கொண்டு ஆறா ஏழா என்று அறிய முற்பட்டால், ஒரு சிறு தளர்ச்சியில் ஏழு ஆறாகிவிடும். இரண்டே நிலைகளானால் அந்த அபாயம் மிகவும் குறைகிறது. ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்த 5 வோல்ட்டுச் சுற்றுக்களில், உள்ளே வரும் அழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டால் சுழி, 2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம், இரண்டு வயல்களுக்கும் நடுவே யாரும் உழாமல் விட்டிருக்கும் வரப்பைப் போன்றது. அந்த வரப்பு அகலமாக இருப்பதனாலேதான் கோடிக்கணக்கான முறை பிரதி எடுத்தாலும் செய்தி சிதையாமல் நிற்கிறது. சுழியோ ஒன்றோ நிற்கக்கூடிய இந்த ஓர் இடத்துக்குப் பிட் என்று பெயர்; கிளாட் ஷானன் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஜான் டூக்கி யோசனை கூறிய பெயர் என்று அவருக்கு உரிமை கொடுத்தே அதை வழங்கினார்.

இந்த இடத்தில்தான், இந்தத் தொடரை எழுத வேண்டும் என்ற எண்ணத்தையே எனக்கு உண்டாக்கிய சம்பவம் நடந்தது. அடுத்த மணி தமிழ் வகுப்பு. தமிழாசிரியை வருவதற்கு முன்பே பலகையின் இடப்பக்கத்தில் ஒரு குறட்பாவைச் சீர் பிரித்து எழுதி வைத்திருந்தார்கள். அதன் கீழே நேர், நிரை என்று அலகிட்டிருந்தது. வலப்பக்கத்தில் என்னுடைய சுழிகளும் ஒன்றுகளும். அட்டை பிடித்து நின்ற பிள்ளைகளுள் ஒருத்தி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஐயா, ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள்.

ஒன்றேதான்! நாற்பது ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்த என் கண்ணில் அதுவரை படவில்லை.

தனிக் குறிலோ நெடிலோ, ஒற்று அடுத்தும் அடுக்காமலும் வந்தால் நேர். இரண்டு குறிலோ, குறிலை அடுத்த நெடிலோ இணைந்து, அவ்வாறே ஒற்றோடும் ஒற்றின்றியும் வந்தால் நிரை. மூன்றாவதாக ஒன்றில்லை. தொல்காப்பியர் நேர்பு, நிரைபு என்று இன்னும் இரண்டு அசைகளைக் கொண்டார். பிற்காலத்து யாப்பு நூலார் அவற்றை விடுத்து இரண்டே அசைகளில் செய்யுள் முழுவதையும் அளந்துவிட்டார்கள். ஓரசையால் ஆகும் சீர் நாள், மலர் என்று இரண்டு. ஈரசையால் ஆகும் சீர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று நான்கு. மூவசையால் ஆவன காய் நான்கும் கனி நான்குமாக எட்டு. நாலசையால் ஆவன தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என முடியும் பதினாறு. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு! பிட் ஒன்று கூடுந்தோறும் எண்ணிக்கை இருமடங்காகும் என்று நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்ததை, அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தேமாங்காய், புளிமாங்காய் என்று பாராயணம் பண்ணிவந்திருக்கிறார்கள்.

நேரைச் சுழியாகவும் நிரையை ஒன்றாகவும் வைத்துக்கொள்வோம். நேர் நேர் தேமா, ஆகவே 00. நேர் நிரை கூவிளம், 01. நிரை நேர் புளிமா, 10. நிரை நிரை கருவிளம், 11. இவையே சுழி, ஒன்று, இரண்டு, மூன்று. கருவிளங்கனி நிரை நிரை நிரை. ஆகவே நான்கும் இரண்டும் ஒன்றும் சேர்ந்து ஏழு. கருவிளநறுநிழல் 1111, அதாவது 15. பதினாறு நிலை எண் முறை என்று புத்தகத்தில் வருகிறதே, ஒன்பதுக்கு மேலே ஏ, பி, சி என்று எழுத்துக்களை இரவல் வாங்கி ஓடுகிறதே, அதற்கு வேண்டிய பதினாறு பெயர்களும் நாலசைச் சீர்களாக நம் யாப்பு நூலில் அணிவகுத்து நிற்கின்றன.

இதை வைத்துக்கொண்டு, நம் முன்னோர்கள் கணினியை அறிந்திருந்தார்கள் என்று யாரும் சொல்லப் புகவேண்டாம். அவர்கள் அளந்தது ஓசையை. சுழியும் ஒன்றுமாகக் கணக்குப் போடும் முறையை ஐரோப்பாவில் விளக்கி எழுதியவர் லைப்னிட்ஸ், 1703-ஆம் ஆண்டில். வடமொழி யாப்பில் பிங்கலர் லகு, குரு என்னும் இரண்டைக் கொண்டு விருத்த பேதங்களை வரிசைப்படுத்திய மார்க்கமும் இதற்கு உறவானதே. இரண்டே வகைப் பொருளை வரிசையில் வைத்தால் எத்தனை வகை வரிசை பிறக்கும் என்பது எந்தத் தேசத்தார்க்கும் பொதுவான உண்மை. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு: ஒரு குழந்தை தனக்குப் புரியாது என்று அஞ்சும் புதிய வித்தைக்குள், தான் ஏற்கெனவே வாய்க்குள் வைத்திருக்கும் வாய்பாட்டைக் கொண்டே நுழையலாம், அவ்வாறு நுழைய விடாமல் தமிழாசிரியரின் மணிக்கும் கணினி ஆசிரியரின் மணிக்கும் இடையே நாம்தான் ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறோம்.

இனி, எண் எழுத்தாவது எப்படி? இதில் இயற்கை நியதி ஒன்றும் இல்லை. எல்லோரும் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை மாத்திரமே இருக்கிறது. அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்கி என்னும் குறியீட்டு அட்டவணை, ஏழு பிட்டுக்களில் அடங்கும் 128 இடங்களில் ஆங்கில எழுத்துக்களையும் எண்களையும் குறிகளையும் அமர்த்தி, பெரிய ஏ என்னும் எழுத்துக்கு 65-ஆம் இடத்தைக் கொடுத்தது. எட்டுப் பிட் கொண்ட பைட் ஒன்றில் அது 01000001. நாலசைச் சீர் இரண்டு ஒரு பைட் ஆகுமாதலால், ஆங்கிலத்தின் முதல் எழுத்தை நாம் ‘கூவிளந்தண்பூ தேமாந்தண்ணிழல்’ என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

பைட் என்றதும் ஞாபகம் வருகிறது. 16 ஜிகாபைட் என்று எழுதிய பென்டிரைவை வாங்கிய ஒரு மாணவன், கணினியில் செருகினால் 14.9 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டான். ஏமாற்றவில்லை. செய்தவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். அந்தக் கணினி 1024, 1024 ஆக எண்ணுகிறது. படியின் அளவு வேறானால் நெல்லின் கணக்கும் வேறாகத்தானே தோன்றும்?

தமிழுக்கு வருவோம். உலக மொழிகளுக்கெல்லாம் இடமளிக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறியில், 1991-ஆம் ஆண்டில் வெளியான முதற்பதிப்பிலிருந்தே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அதில் க என்னும் எழுத்துக்கு 2965-ஆம் இடம். ஆனால் க் என்பதற்குத் தனி இடம் இல்லை. க-வும் புள்ளியும் என்று இரண்டாகவே அதைச் சேமிக்க வேண்டும். இலக்கணத்தில் க் என்னும் மெய்யோடு அகரம் கூடிக் க பிறக்கிறது. இயந்திரத்திலோ க-வின்மேல் புள்ளி ஏறிக் க் பிறக்கிறது. ஒலியைக் கொண்டு பார்த்தால் கூட்டல், வரிவடிவைக் கொண்டு பார்த்தால் அகரத்தைக் கழித்தல். இது நம் இலக்கணத்துக்கு ஒவ்வாது என்று வாதித்த அறிஞர்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற குறியீட்டை முன்வைத்தார்கள். 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் தரமாக ஏற்றது. நடைமுறையில் வென்றது ஒருங்குறிதான் என்றாலும், அந்த விவாதத்தை ஒவ்வொரு மாணாக்கனும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ‘அம்மா’ என்னும் சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. இயந்திரத்துக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. கென் தாம்ப்ஸனும் ராப் பைக்கும் 1992-ல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆகப் பதினைந்து.

இவ்வுடன்படிக்கைகளை அறியாமையால் விளையும் சங்கடம் சிறிதன்று. ஒரு பள்ளியின் சேர்க்கைப் பட்டியலில் பூங்கொடி என்ற பெயர் கண்ணெதிரே இருக்கிறது. தேடு பெட்டியில் பூங்கொடி என்று தட்டினால் இல்லை என்கிறது. தட்டெழுதிய பெண் மூன்று முறை எழுத்துப்பிழை பார்த்துவிட்டுக் கண் கலங்கிப்போனார். கொ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே தோற்றம். இரண்டையும் சமமாகவே கொள்ள வேண்டும் என்று ஒருங்குறி விதித்திருக்கிறது; அந்த விதியைக் கைக்கொண்ட நிரல் கண்டுபிடித்துவிடும், கைக்கொள்ளாத நிரல் கைவிரித்துவிடும். பட்டியல் ஒரு முறையிலும் தேடல் மற்றொரு முறையிலும் இருந்ததே காரணம் என்று கண்டுபிடித்தவள், நேரும் நிரையும் ஒன்றுதானே என்று கேட்ட அதே மாணவி. இரண்டு சொற்களின் பைட்டுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எண்ணிப் பார்த்தாளாம். ஒன்றில் மூன்று பைட் அதிகமாக இருந்ததாம்.

படமும் ஒலியும் எண்ணாவது அடுத்த வாரம். நேரும் நிரையும் பலகையில் சுழியோடும் ஒன்றோடும் சேர்ந்து நின்ற அந்தச் சனிக்கிழமை, மணி அடித்த பிறகும் பிள்ளைகள் கலையவில்லை. தமிழாசிரியையும் வாசலில் நின்றுவிட்டார்கள். க என்னும் ஓர் எழுத்து யூடிஎஃப்-8 முறையில் பிடிக்கும் மூன்று பைட்டுக்களையும் சீர்களாக எழுத முடியுமா என்று கேட்டேன். அந்த மாணவி சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு, 11100000, 10101110, 10010101 என்று முதலில் எழுதி, ஒவ்வொன்றையும் நடுவே கோடிட்டு நான்கு நான்காகப் பிரித்து, விரலால் ஒவ்வோர் அசையாகத் தொட்டுக்கொண்டே மூன்று வரி எழுதினாள்; தமிழாசிரியை வாய்விட்டுப் படித்தார்கள்:

கருவிளநறும்பூ தேமாந்தண்பூ
புளிமாநறும்பூ கருவிளநறும்பூ
புளிமாந்தண்ணிழல் கூவிளந்தண்ணிழல்.

(தொடரும்)