வெளியூரில் வரும் மெயில் வீட்டில் வராதது ஏன்?

வீட்டிலேயே அலுவலகம் நடத்தும் ஆடிட்டர் நண்பர் ஒருவர், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மெயில் சர்வராக வைத்திருந்தார். வெளியூர் போனால் மொபைல் போனில் மெயில் ஒழுங்காக வரும். வீட்டிற்கு வந்து வை-ஃபியில் இணைந்தால் வராது. சர்வர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யத் தயாராகிவிட்டார். அதில்தான் வாடிக்கையாளர்களின் கடிதங்கள் எல்லாம் இருந்தன, பேக்கப்பும் இல்லை. நல்ல வேளையாக அதற்கு முன் எனக்குப் போன் செய்தார்.

சர்வரில் எந்தக் கோளாறும் இல்லை. அதன் முகவரி 192.168.1.10. இது வீட்டிற்குள் மட்டுமே செல்லுபடியாகும். இண்டர்நெட்டுக்குத் தெரிவது ரௌட்டரின் பொது முகவரி மட்டுமே. போர்ட் 993க்கு வருவதை 192.168.1.10க்கு அனுப்பு என்று ரௌட்டரில் எழுதி வைக்கிறோம் அல்லவா? அதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

வீட்டிற்குள் இருக்கும் போனும் அந்தப் பொது முகவரியைத்தான் தேடிப் போகிறது. ரௌட்டர் அதைச் சர்வரிடம் திருப்பி விட்டாலும், கேட்டவர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார் என்று சர்வர் நேரடியாகப் பதில் அனுப்பிவிடுகிறது. போன் எதிர்பார்ப்பதோ பொது முகவரியிலிருந்து வரும் பதிலை. யாரோ அனுப்பியது என்று அதைத் தள்ளிவிடுகிறது. சில ரௌட்டர்கள் திருப்பி விடுவதே இல்லை.

ரௌட்டர் செட்டிங்கில் நாட் லூப்பேக் அல்லது ஹேர்பின் நாட் என்று இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ரௌட்டரின் டி.என்.எஸ். பகுதியில், சர்வரின் பெயருக்கு 192.168.1.10 என்று பதிந்து வையுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான். நண்பருக்கும் அதையே செய்தோம்.

வெளியிலிருந்தும் மெயில் திறக்கவில்லையா? வை-ஃபியை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். முதலில் சர்வரின் உள்முகவரி மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறாமலிருக்க ரௌட்டரில் அதை ரிசர்வ் செய்யலாம். அடுத்து, சர்வரிலுள்ள ஃபயர்வால் அந்தப் போர்ட்டை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ரௌட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அப்போது போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. தனிப் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

அவசரத்தில் சர்வரை டி.எம்.இசட். பகுதியில் போட்டுவிடாதீர்கள். எல்லாப் போர்ட்டும் உலகத்துக்கே திறந்துவிடும்.